தோர்கில்லின் முதுகு

இரண்டு வார விடுமுறை முடிந்து முதியோர் இல்லத்தில் வேலைக்குத் திரும்பிய அன்று காலை, தோர்கில்லின் சட்டையைக் கழற்றியதுமே எனக்கு ரத்தம் தலைக்கேறியது. தோள்பட்டைகளுக்கு நடுவே தோல் உரசி வழன்று, உள்ளங்கை அகலத்துக்குக் கசிந்துகொண்டிருந்தது.

"எத்தனை நாளா இப்படி?"

"ஒன்பது நாளாச்சு, போடில். படுக்கைப்புண்ணாம். நாற்காலியில உக்காரவே கூடாதுன்னு ஹென்னிங் சொல்லிட்டான். வெர்னாவைப் பார்த்தும் ஒன்பது நாள்."

வெர்னா அவர் மனைவி. கோடியில் இருக்கும் மறதி நோயாளிகள் பிரிவில் இருக்கிறாள். தினமும் காலையில் அவள் ரொட்டிக்கு இவர்தான் பாலாடைக்கட்டி சீவித் தருவார். அந்த ஒரு வேளைதான் அவரை அவள் நினைவில் வைத்திருந்தது.

காயத்தைச் சுற்றியிருந்த சிவப்பை விரலால் அழுத்தினேன். வெளுத்து, பிறகு சிவந்தது; ரத்தம் நன்றாகவே ஓடுகிறது. படுக்கைப்புண் முதலில் வரும் புட்டத்திலும் குதிகாலிலும் ஒரு கீறல்கூட இல்லை. முதுகில் மட்டும் மேலும் கீழுமாகக் கோடு கோடாய்ச் சிராய்ப்பு. அழுத்தத்தில் வரும் புண்ணா இது? இழுத்ததில் வந்தது!

"படுக்கையில உங்கள மேல ஏத்தி விடறது யாரு?"

"யாரோ ஒருத்தர். சாப்பிடத் தலைப்பக்கத்தை உயர்த்துறாங்க, நான் சறுக்கிடறேன். கக்கத்துல கையக் குடுத்து சர்ருனு ஒரே இழுப்பு. நாளைக்கு ஆறு தடவை."

அடப்பாவிகளா! புண்ணுக்கு மருந்தென்று படுக்க வைத்து, படுக்க வைத்தே புண்ணை வளர்த்திருக்கிறார்கள்.

ஹென்னிங் எங்கள் மேலாளன். அவனைக் கையோடு இழுத்துவந்தேன்.

"ரெண்டு பேர் சேர்ந்து, உடம்புக்கு அடியில வழுக்குத் துணி போட்டு நகர்த்தணும்னு உனக்குத் தெரியாதா?"

"ஆள் பத்தல, போடில். புரிஞ்சுக்கோ. அது படுக்கைப்புண்தான்."

"அப்படியா? அந்தக் காலிக் கட்டில்ல படு."

"என்ன விளையாடறியா?"

"படுய்யா!"

படுத்தான். சட்டையை மேலே சுருட்டிவிட்டு, கக்கத்தில் கை கொடுத்து இழுத்தேன். அவன் கனத்தில் என் இடுப்பே போயிற்று.

"ஐயோ! எரியுது, விடு!"

"உனக்கு நாப்பது வயசுத் தோல். அவருக்கு எண்பத்தஞ்சு. இன்னும் அஞ்சு தடவை பாக்கி, இழுக்கட்டுமா?"

தோர்கில் சிரித்தார். ஹென்னிங் எழுந்து சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டான்.

வெதுவெதுப்பான தண்ணீரில் காயத்தைக் கழுவினேன். தேய்க்காமல் ஒற்றியெடுத்தேன். தோலைப் பிய்க்காத மெத்தென்ற காயக்கட்டு ஒன்றை ஒட்டினேன். பிறகு வழுக்குத் துணியின் ஒரு பக்கம் நான், மறுபக்கம் ஹென்னிங். தோர்கில் முனகக்கூட இல்லை. இருவருமாகத் தூக்குப் பட்டையில் ஏற்றி, நாற்காலியில் உட்கார வைத்தோம். ஹென்னிங்கையே தள்ளச் சொன்னேன்.

வெர்னா ரொட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தோர்கில் பாலாடைக்கட்டியைச் சீவி, அவள் தட்டில் வைத்தார்.

"ரொம்ப நன்றிங்க," என்றாள் அவள், அந்நியரிடம் பேசுவதுபோல. "நீங்க புதுசா வந்திருக்கீங்களா?"

அவர் கை அப்படியே நின்றது. "ஆமாம்மா," என்றார். "என் பேரு தோர்கில். இங்க உக்காரலாமா?"

ஹென்னிங் நைசாக நகரப் பார்த்தான். அவன் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"எங்க ஓடறே? நின்னு பாரு."