ஆறு வாரம் கை அசையக்கூடாது

மகள் வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. சாய்ந்தபடியே தூங்கப் புது நாற்காலி, காலுக்கடியில் குளிருக்குச் சூடேற்றிய தரை, இடது கைக்கு எட்டும் இடத்தில் உறிஞ்சுகுழல் போட்ட தண்ணீர் பாட்டில். தோளில் ஆபரேஷன் செய்து வலது கையை வயிற்றோடு கட்டிப் போட்டிருக்கிறார்கள். கைக்கும் இடுப்புக்கும் நடுவே செங்கல் அளவில் ஒரு பஞ்சுத் தலையணை. ஆறு வாரம் அதைக் கழற்றக்கூடாதாம். மூன்றுதான் முடிந்திருக்கிறது.

டிவி பக்கத்தில் ஒரு கேமரா. மகள் ஹேரான் ஆபீசில் உட்கார்ந்தபடி அதில் என்னைப் பார்க்கிறாள். பார்த்துத் தொலைத்தாலும் பரவாயில்லை, பேசவும் செய்கிறாள்.

"அம்மா, எதுக்கு எழுந்திரிக்கிற?"

"ஒண்ணுக்குப் போகக்கூட உன்கிட்ட லீவு லெட்டர் குடுக்கணுமாடி?"

"சுவரப் புடிச்சிட்டு போ. சோப்புத் தண்ணி கெடக்கும், பாத்து."

சோப்புத் தண்ணீரைப் பற்றி எனக்குச் சொல்கிறாள்! தேகு நகரத்துப் பொதுக் குளியலறையில் இருபத்தாறு வருஷம் குளிக்க வருகிறவர்களின் உடம்பில் அழுக்குத் தேய்த்தவள் நான். தேய்த்துக்கொள்ள வருகிறவர்கள் லாக்கர் சாவியைக் கொக்கியில் வரிசையாக மாட்டிவிட்டு தங்கள் முறை வரும்வரை வெந்நீரில் போய் ஊறுவார்கள். படுக்கவைத்துத் தேய்க்கும் என் கட்டிலுக்கு நேரே இருக்கும் கொக்கியில்தான் சாவி நிறையத் தொங்கும். ஒரு நாளைக்குப் பதினைந்து முதுகு. தோளில் தசைநார் கிழிந்ததும் அப்படித்தான். வசந்தம் வந்ததும் அந்தக் கட்டிலுக்குப் போய்விடலாம் என்ற ஒரே நினைப்பில்தான் இந்த நாற்காலியில் கிடந்தேன்.

நேற்று மதியம் ஓக்பூன் வந்தாள். குளியலறையில் பக்கத்துக் கட்டில் அவளுடையது. வீக்கம் வடியட்டும் என்று பூசணிக் கஞ்சி கொண்டுவந்திருந்தாள். வந்ததிலிருந்து என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"என் கட்டில்ல இப்ப யாரு தேய்க்கிறா?"

"போஹாங்லேர்ந்து ஒருத்தி. கை வேகந்தான். ஆனா முழங்கையத் தேய்க்காம விட்டுர்றா."

"நான் வர்ற வரைக்கும்தானே?"

அவள் கஞ்சியைக் கிளறினாள். "அக்கா, நீங்கதான் இனிமே வரலன்னு சொல்லிட்டீங்களாமே? ஹேரான் முதலாளியம்மாவுக்குப் போன் பண்ணிச் சொன்னாளாம்."

உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கேமராவைப் பார்த்துக் கத்தினேன்.

"ஏய் ஹேரான்! இருக்கியாடி அங்க?"

"கத்தாதம்மா, ஆபீஸ்ல இருக்கேன்."

"யாரக் கேட்டுடி என் வேலைய விட்டுக் குடுத்த?"

"உன்னக் கேட்டுத்தான்."

"என்னயா?"

"ஆபரேஷன் முடிஞ்சு வெளிய கொண்டுவந்தாங்களே, அப்ப. என் கையப் புடிச்சுக்கிட்டு அழுத. 'போதும்டி, இனிமே யாரு முதுகையும் தேய்க்க என்னால ஆகாது, அங்க சொல்லிடுடி'ன்னு. மூணு தடவ சொன்னம்மா."

"மயக்க மருந்துல ஒளறுனதுக்கெல்லாமா போன் பண்ணுவாங்க? நீ சொல்லு ஓக்பூன், நியாயமா இது?"

ஓக்பூன் கஞ்சியைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னாள். "எங்கிட்டயும் அதத்தான் சொல்லிருக்கீங்க அக்கா. ஞாயித்துக்கெழம கூட்டம் போனப்புறம் தரைய அலசறப்பல்லாம்."

எனக்குக் கோபப்பட ஆள் இல்லாமல் போயிற்று. மூன்று வாரமாக மகள்தான் என்னை அடைத்துவைத்திருக்கிறாள் என்று மனதுக்குள் அவளைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் அப்படிச் சொன்னதாகத் துளி ஞாபகம் இல்லை. ஆனால் பொய் என்று சொல்லவும் வாய் வரவில்லை. அது என் பேச்சேதான்.

"சரிடி, சொன்னேன். போதும்னுதான் சொன்னேன்," என்றேன். "அப்புறம் காலைல எந்திரிச்சு நான் எங்கடி போவேன்?"



ஓக்பூன் ஒரு கரண்டி கஞ்சி அள்ளி என் முன்னால் நீட்டினாள். எனக்குப் பசியே இல்லை. வாயைத் திறந்தேன்.