உள்ளே இறங்காத மழை

விறைத்த கை மடங்கவில்லை. மழைக்கோட்டின் இடது பக்கம் முழங்கையில் சிக்கிக்கொண்டு வர மறுத்தது.

"வெட்டிடலாம்மா," என்றார் பள்ளிவாசல் மோதினார். "அஸர் தொழுகைக்கு முன்னாடி அடக்கணும்."

கினாந்தி கத்தரிக்கோலைத் தானே வாங்கிக்கொண்டாள். வெட்டிய மடிப்பிலிருந்து தண்ணீர் வழிந்து அவள் மடியை நனைத்தது. மலையிலிருந்து அவள் கணவன் பாஸ்கோரோவின் உடலைச் சுமந்து இறங்க ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. அப்படியும் அதில் தண்ணீர் இருந்தது.

தலையைத் தாங்கிப் பிடித்திருந்த கொழுந்தன் சுகிதோ அதைப் பார்த்தான்.

"தோள்பட்டை வழியா இறங்கியிருக்கு அண்ணி. ஸ்ப்ரே அடிச்சீங்கல்ல?"

"அடிச்சேன்."

மலையடிவாரத்தில் கூடாரமும் கோட்டும் வாடகைக்கு விடும் கடை அவர்களுடையது. பாஸ்கோரோ ஆட்களை மேலே கூட்டிப்போவான். கடை அவள் பொறுப்பு. மழைக்காலத்தில் கோட்டுகளைத் துவைத்து, காயவைத்து, ஸ்ப்ரே அடித்து, இஸ்திரிச் சூட்டில் காட்ட வேண்டும். அப்போதுதான் தண்ணீர் முத்தாக உருண்டு ஓடும். வியாழக்கிழமை, மேலே போகும் நான்கு பேரின் கோட்டுகளுக்கு அடித்து முடித்தபோது டப்பாவில் வெறும் காற்றுதான் வந்தது. புதிது வாங்கக் கடைத்தெருவுக்கு இறங்க வேண்டும். அவளுக்கு அலுப்பாக இருந்தது. பாஸ்கோரோவின் கோட்டை அப்படியே மடித்துப் பையில் வைத்தாள்.

"என்னோடதுக்கும் அடிச்சாச்சா?" என்று கிளம்பும்போது அவன் கேட்டான்.

"ரெண்டு தடவை அடிச்சேன். கெளம்புங்க."

"என்ன, திடீர்னு இவ்வளவு பாசம்," என்று சிரித்தான்.

மோதினார் முதல் குவளைத் தண்ணீரை மார்பில் ஊற்றினார்.

"வெந்நீர் கொண்டு வாங்க," என்றாள் கினாந்தி.

"பச்சைத் தண்ணியே போதும்மா."

"வெந்நீர் கொண்டு வாங்க."

சுகிதோ எழுந்து அடுப்படிக்குப் போனான். அவள் பாஸ்கோரோவின் உள்ளங்கையைத் தன் இரு கைகளுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தாள். வேகமாகத் தேய்த்தாள். பிறகு அடுத்த கையை எடுத்தாள். பிறகு பாதங்களை. மோதினார் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, அவள் தோளில் கிடந்த முக்காட்டுத் துணியை எடுத்து அவள் கைகளின்மேல் போட்டார். அவள் நிறுத்தினாள்.

அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பியபோது, மேலே போன நால்வரில் ஒருத்தியான நாடின் கடை வாசலில் நின்றிருந்தாள். செமாராங் நகரத்திலிருந்து வந்த கல்லூரிப் பெண். கண்கள் வீங்கியிருந்தன.

"அக்கா, கோட்டைத் திருப்பிக் குடுக்கணும்," என்றாள். "ரெண்டு நாள் மழை விடல. உள்ள ஒரு சொட்டு எறங்கலக்கா. நீங்க அடிச்சதாலதான் நாங்க நாலு பேரும் பொழச்சோம்."

கினாந்தி கோட்டை வாங்கிக்கொண்டாள்.

"அண்ணனோடதுதான் முதல் மழையிலயே ஊறிப்போச்சு, குளிர்ல வெறச்சுட்டார். திரும்பிடலாம்னு சொன்னேன். கேக்கல. எங்களோட வந்தவன் ஒருத்தன் காலு பிசகி மேல கூடாரத்துல இருந்தான், அவன விட்டுட்டு வரமாட்டேன்னுட்டார்."

"ஏதாவது சொன்னாரா?"

"எதப் பத்தி?"

"கோட்டப் பத்தி."

நாடின் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நான்தான் கேட்டேன், ஏண்ணே உங்களோடது மட்டும் இப்படின்னு. தோளத் தடவிப் பாத்துட்டு சிரிச்சார். 'துணி பழசும்மா, எது அடிச்சாலும் நிக்காது. எம் பொண்டாட்டி பாவம், ரெண்டு தடவை அடிச்சா'ன்னார்."

பின்னால் நின்றிருந்த சுகிதோ, "அண்ணன் கோட்டு போன வருஷம் வாங்குனதுதானே," என்றான்.

அவன் அண்ணியின் முகத்தைப் பார்த்தான். பிறகு வாசலில் கிடந்த செருப்புகளை ஒழுங்காக அடுக்கத் தொடங்கினான்.

உள்ளேயிருந்து பெண்கள் சாப்பிடக் கூப்பிட்டார்கள். நாடின் போய்விட்டிருந்தாள். கினாந்தி அவள் கொடுத்த கோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதன் கைக்குள் தன் கையை முழங்கை வரை நுழைத்திருந்தாள். உள்ளே காய்ந்துதான் இருந்தது.