சந்தேகத்துக்கு எத்தனை மார்க்

அமெரிக்காவின் டுலூத் நகரத்து ஆஸ்பத்திரியில், அவசரப் பிரிவுக்கு வருகிறவர்களைப் பதினெட்டு வருஷமாக முதலில் பார்க்கிற நர்ஸ் மார்லிஸ். வியாழக்கிழமைக் கூட்டம் என்றாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். யாராவது அநியாயமாகச் செத்துப்போனால் டாக்டர்கள் கூடிப் பேசுகிற கூட்டம் அது. காபி உண்டு, டோனட் உண்டு, யார் தப்பு என்ற பேச்சு மட்டும் கிடையாது. நர்ஸுகள் கடைசி வரிசையில் உட்காரலாம். கேட்டால் பேசலாம். யாரும் கேட்டதில்லை.

எந்தச் சாவாக இருந்தாலும் முடிவில் ஒரே வாக்கியம்தான் திரையில் வரும்: ‘இந்நோயில் மருத்துவரின் சந்தேகக் குறியீடு உயர்வாக இருக்க வேண்டும்.’ இதுவாக இருக்குமோ என்று சந்தேகப்பட மறக்காதே என்பதைத்தான் அவர்கள் பாஷையில் அப்படிச் சொல்வார்கள். குறியீடு என்றால் ஓர் எண் வேண்டாமா? காய்ச்சல் நூற்றிரண்டு என்கிறோம். சந்தேகம் எத்தனை? அந்த வாக்கியம் வந்ததும் எல்லோரும் தலையாட்டிவிட்டு டோனட் பெட்டியை மூடுவார்கள்.

அன்றைக்குப் பேசப்பட்டவர் ஹார்லன் வோஸ். இரும்புத் தாது ஏற்றுகிற கப்பல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முதுகைக் கிழிக்கிற மாதிரி வலிக்கிறது என்று வந்தார். மார்லிஸ் இரண்டு கைகளிலும் ரத்த அழுத்தம் பார்த்தாள். நாற்பது வித்தியாசம். நெஞ்சிலிருக்கும் பெரிய ரத்தக்குழாய் கிழிந்தால் இப்படிக் காட்டும். தாளில் எழுதினாள், அன்று பணியில் இருந்த டாக்டர் பிரென்னரிடம் வாயாலும் சொன்னாள். காலையில் வாசலில் குவிந்த பனியை அள்ளினீர்களா என்று அவர் கேட்க, ஹார்லன் ஆமாம் என்றார். ஜனவரியில் அந்த ஊரில் பனி அள்ளாத முதுகு எங்கே இருக்கிறது? தசைப்பிடிப்பு என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு மேஜையிலேயே போய்விட்டார்.

பிரென்னரே எல்லாவற்றையும் விளக்கினார். முடிவில் அதே வாக்கியம் வந்தது. மார்லிஸ் எழுந்துவிட்டாள்.

“சந்தேகம் இருந்துச்சு டாக்டர். எனக்கு இருந்துச்சு. எழுதியும் குடுத்தேன். அதை வச்சுக்கிட்டு நான் என்ன செய்யணும்னுதான் இங்க யாரும் சொல்ல மாட்டேங்கறீங்க.”

பிறகு கையோடு கொண்டுவந்த தாளை நீட்டினாள். வித்தியாசம் இருபதுக்கு மேல் இருந்தால் டாக்டருக்குக் காத்திராமல் நர்ஸே ஸ்கேன் எழுதலாம் என்று ஒரே ஒரு வரி. தலைமை டாக்டர் டாலிவர் அதை வாங்கிப் படித்து, அருமையான கருத்து என்றார். திரையில் இருந்த ‘மருத்துவரின்’ என்பதை ‘ஊழியர் அனைவரின்’ என்று மாற்றச் சொன்னார். தாள் அவருடைய காபிக் கோப்பைக்கு அடியில் போனது. மறுவாரம், அந்த வாக்கியத்தைப் படித்துப் புரிந்துகொண்டோம் என்று நர்ஸுகள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். மார்லிஸும் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டாள்.

மார்ச் மாதம் லொரெய்ன் ஸ்கோக் வந்தாள். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். அதே வலி. கைகளில் முப்பத்துநாலு வித்தியாசம். பிரென்னர் எட்டிப் பார்த்து, ஸ்டியரிங் பிடித்த வலிதான், மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம் என்று அடுத்த அறைக்குப் போனார். மார்லிஸ் பின்னாலேயே போய்ச் சொன்னாள். கேட்கவில்லை. அவள் திரும்பி வந்து, டாக்டர் வாயால் உத்தரவிட்டதாக அவர் பெயரிலேயே கணினியில் ஸ்கேன் எழுதினாள். வேலைக்கே உலை என்று தெரிந்துதான் எழுதினாள். குழாய் கிழிந்திருந்தது. ஒரு மணி நேரத்தில் அறுவை சிகிச்சை நடந்தது, லொரெய்ன் பிழைத்துக்கொண்டாள்.

சொல்லாத உத்தரவை எழுதியதற்காக மார்லிஸுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இன்னொரு முறை செய்தால் வேலையும் போகும், நர்ஸ் உரிமமும் போகும். அந்த வியாழக்கிழமை, அபூர்வமாகப் பிழைத்த ஒருத்தியைப் பற்றிப் பேசினார்கள். முடிவில் திரையில் வந்தது: ‘டாக்டர் பிரென்னரின் உயர்ந்த சந்தேகக் குறியீடு ஓர் உயிரைக் காத்தது.’ எல்லோரும் கைதட்டினார்கள். பிரென்னர் மறுக்கவில்லை. குனிந்து காபியைக் குடித்தார்.

பக்கத்தில் இருந்த நர்ஸ் டோரீன் அவள் கையை அழுத்தி, “விடுடீ, அந்தப் பொண்ணு பொழச்சுட்டால்ல” என்றாள்.

மார்லிஸ் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: “பொழச்சுட்டா. அடுத்து வர்ற ஆளுக்கு நான் எழுத மாட்டேன் டோரீன். எனக்குப் பயமா இருக்கு.”