ஓஸ்னே லீயிடம் கற்ற பாட்டு

ஒருபோதும் பிறந்திராத ஓஸ்னே லீ, 1971 செப்டம்பரில், தெலமார்க் நாட்டுப்பாட்டுப் போட்டிக்குப் பால் லாரியில் ஓட்டுநர் பக்கத்தில் அமர்ந்து வந்து சேர்ந்தார். மடியிலிருந்த தூக்குவாளியில் புளித்த பாலாடைக் கஞ்சி இருந்தது; அது சூடாகவே இருந்ததை ஓட்டுநர் உறுதி செய்துள்ளார்.

இவர் தோன்றக் காரணமானவர் குன்வோர். 1938இல், பத்தொன்பதாம் வயதில், மேய்ச்சல் மலையில் ஆடு கறந்தபடி தாமே கட்டிய மெட்டொன்றைப் பாட அவர் இதே போட்டிக்கு வந்திருந்தார். பாடுமுன் அதை யாரிடம் கற்றோம் என்று சொல்லியாக வேண்டும் என்பது அந்நாட்டு வழக்கம். நானே கட்டினேன் என்பது, விருந்தில் தன் தட்டை முதலில் நிரப்பிக்கொள்வதற்கு ஒப்பான அநாகரிகம். நடுவர் ஹால்வோர் பென்சிலை நாக்கில் நனைத்துக்கொண்டு, "யாருகிட்டம்மா கத்துக்கிட்டே? சீக்கிரம் சொல்லு, காபி ஆறுது" என்றார். பயந்துபோன குன்வோர், சன்னலுக்கு வெளியே வீடெதுவும் இல்லாத மலைச்சரிவைப் பார்த்தபடி, வாய்க்கு வந்த பெயரைச் சொன்னார்: "ஓஸ்னே லீகிட்ட." முதற்பரிசு கிடைத்தது.

பரிசு பெற்ற பாட்டை ஊர் விடுவதில்லை. வானொலியிலும் ஆஸ்லோ மண்டபங்களிலும் இசைத்தட்டுகளிலும் குன்வோர் அதையே பாட நேர்ந்தது; ஒவ்வொரு முறையும் பெயரைச் சொல்லச் சொல்ல, ஓஸ்னே லீ சிறிது சிறிதாக உண்டாகிவந்தார். மூன்றாம் ஆண்டில் சரிவில் ஆட்டுமணி கேட்டது. போர் முடிந்த கோடையில் புகை எழுந்தது. அடுத்த ஆண்டு புகைக்குக் கீழே ஒரு கூரை வந்தது. தேவாலயப் பதிவேட்டில், 1901ஆம் ஆண்டின் இரு ஞானஸ்நானங்களுக்கிடையே அவர் பெயர் காய்ந்த மையில் காணப்பட்டது. பாதிரியார் வரிசை எண்களைத் திருத்திக்கொண்டார். தபால்காரர் அங்கே கடிதம் கொடுக்கத் தொடங்கினார். குன்வோர் மட்டும் அந்தப் பக்கம் சென்றதில்லை. பாட்டு தம்முடையது என்று ஒருமுறையேனும் சொல்லிவிடும் ஆசை முப்பத்துமூன்று ஆண்டுகள் அவர் தொண்டையிலேயே இருந்தது. வரும் குளிர்காலத்தோடு குரல் ஓய்ந்துவிடும் என்று மருத்துவர் கூறவே, இந்தப் போட்டியில் சொல்லிவிடத் துணிந்து வந்திருந்தார்.

பாடும் வரிசையில் அவருக்கு முந்தைய எண் ஓஸ்னே லீயுடையது.

"உன் குருவே வந்துட்டாங்க. இனிமே தப்பாப் பாடினா மாட்டிக்குவே" என்று பக்கத்திலிருந்த பிடில்காரர் சீண்டினார். குன்வோர் பெஞ்சின் விளிம்பைப் பற்றிக்கொண்டார். வந்தவர் தம் பாட்டென்று சொல்லிவிட்டால், அது அவருடையதாகவே போய்விடும்.

"யாருகிட்ட கத்துக்கிட்டீங்க?" என்றார் ஹால்வோர், இப்போது மூக்குக்கண்ணாடி வழியாக.

"அதோ, அந்தக் குன்வோர்கிட்ட. ஆடு கறக்கறப்போ பாடுவா. சரிவுல நின்னு கேட்டேன்."

"அவ உங்ககிட்ட கத்துக்கிட்டதா என் நோட்டுல இருக்கே."

"அவ அப்பவே கூச்சக்காரி. எழுதிக்குங்க."

ஹால்வோர் எழுதிக்கொண்டார். ஓஸ்னே லீ பாடினார். மூன்றாம் அடியில், குன்வோர் ஆயுள் முழுவதும் தேடியும் பிடிபடாத ஒரு குரல்வளைவு, ஆடு பாறைக்குப் பாறை தாவுவதுபோல் எளிதாக வந்து சென்றது.

அடுத்து குன்வோர் எழுந்தார். சொல்ல வைத்திருந்தது நாக்கு நுனியிலேயே இருந்தது. நடுவர் கேட்டதும், "ஓஸ்னே லீகிட்ட" என்றார். அச்சொல் அன்றுதான் முதன்முறையாக உண்மையாயிருந்தது.

"ரெண்டு பேரும் வெளியவே பேசி முடிச்சுட்டு வரக் கூடாதா?" என்று முணுமுணுத்த ஹால்வோர், அதையும் எழுதிக்கொண்டார்.

குன்வோர் அந்த வளைவோடு பாடினார். அவ்வாண்டுப் போட்டி அறிக்கையில் பாட்டு இருமுறை அச்சாகியுள்ளது: ஒன்று குன்வோரிடம் கற்றது, மற்றொன்று ஓஸ்னே லீயிடம் கற்றது. திருத்தம் கோரி எவரும் எழுதவில்லை. மாலையில் பால் லாரி இருவரையும் ஏற்றிக்கொண்டு, புகை தெரிந்த சரிவை நோக்கிச் சென்றது.