தேன்மொழிக்கு ஒரு நாய்

நைனார்பாளையம் ராஜாங்கத்தின் மகள் தேன்மொழியை ஆடி மாதத்தில் ரைஸ்மில் நாய் கடித்துவிட்டது. கெண்டைக்காலில் இரண்டு பல் ஆழமாக இறங்கியிருந்தது. கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்குப் பதினான்கு நாள் விடாமல் பஸ்ஸில் போய், தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்டுக்கொண்டு வந்தாள், ஐந்தரை வயதுப் பிள்ளை. ஊசிக்கெல்லாம் அவ்வளவாக அழவில்லை. ஆனால் காயம் ஆறிய பிறகு வாசலைத் தாண்ட மறுத்துவிட்டாள். பள்ளிக்கூடத்துக்கு ரைஸ்மில் தெரு வழியாகத்தான் போக வேண்டும். தூக்கிக்கொண்டு போனால் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு உடம்பெல்லாம் நடுங்குவாள்.

ராஜாங்கம் மில்காரரிடம் சண்டை போட்டு, நாயைச் சங்கிலியில் கட்ட வைத்துவிட்டு வந்தான். இனி இந்த வூட்டு வாசப்படியில நாயின்னு ஒண்ணு நிக்கக் கூடாது என்று உத்தரவும் போட்டான். அவன் மனைவி சின்னப்பொண்ணுக்கு அதில் சம்மதம் இல்லை. ஊரில் இருக்கிற நாய்களுக்கெல்லாம் ஒதுங்கி ஒதுங்கி இந்தப் பிள்ளை எத்தனை வருஷம் நடக்கும்? நல்ல நாய் ஒன்றோடு பழகிவிட்டால் எது கடிக்கிற நாய், எது கடிக்காத நாய் என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும் அல்லவா? இரண்டு முறை புருஷனிடம் சொல்லிப் பார்த்தாள். அவன் காதில் ஏறவில்லை.

அவனுக்கு அப்போது தலைக்கு மேல் வேலை. இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல் என்று சாதிச் சங்கத்தில் அறிவித்திருந்தார்கள். எண்பத்தேழாம் வருஷம், புரட்டாசி பிறக்கிற நேரம். முதல் நாளே ரோட்டில் உட்கார்ந்தவர்களோடு அவனையும் வேனில் ஏற்றிக் கடலூர் ஜெயிலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அந்த வாரம் பூராவும் ரோட்டில் புளியமரங்கள் வெட்டுப்பட்டுக் குறுக்கே கிடந்தன. பஸ் இல்லை, தபால் இல்லை. பெண்கள் ரேடியோ இருக்கிற வீடுகளில் அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

மரங்களை இழுத்துப் போட்டு பஸ் ஓட ஆரம்பித்ததும் சின்னப்பொண்ணு நாய் தேடக் கிளம்பினாள்.

கொழுந்தன் அரங்கநாதன்தான் முதலில் ஒன்று காட்டினான். அவன் கூட்டாளி வீட்டு ராஜபாளையம் குட்டி. வெள்ளை வெளேரென்று, மூன்று மாதத்திலேயே முழங்கால் உயரம். அரிசிப் பானையைப் பார்ப்பது போல் அதன் வாயைத் திறந்து பார்த்தாள் சின்னப்பொண்ணு. நல்ல சாதிதான், மோட்டார் கொட்டகைக்கு ஆகும், பிள்ளைக்கு ஆகாது என்று சொல்லிவிட்டாள். தேன்மொழியை விடப் பெரிதாக வளரப்போகிற நாயை அவள் பார்த்துப் பழக வேண்டும் என்றால் எப்படி?

அடுத்தது கள்ளக்குறிச்சியில் ஒரு வாத்தியார் வீட்டுச் சடைநாய். பஞ்சுப் பொதி மாதிரி சின்னதாக, அழகாக இருந்தது. சின்னப்பொண்ணுக்கும் ஆசை வந்துவிட்டது. ஆனாலும் வாத்தியார் மனைவி காப்பி போடுகிற நேரத்தில் அதன் தட்டுப் பக்கம் மெல்லக் கையை நீட்டிப் பார்த்தாள். உதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டியது. அவள் வீட்டில் இரண்டு வயது மகன் இளஞ்செழியன் இருக்கிறான். எதைப் பார்த்தாலும் அள்ளி வாயில் போடுகிறவன். நாயின் சோற்றில் கை வைக்க அவனுக்கு ஒரு நாள் போதும். காப்பியைக் குடித்துவிட்டுக் கும்பிட்டுக் கிளம்பினாள்.

அப்புறம்தான் இருசம்மாளின் நினைவு வந்தது. கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் அவள் ஊர். வருஷா வருஷம் புளியும் கடுக்காயும் தேனும் எடுத்துக்கொண்டு கீழே வருவாள். பிள்ளைகளை நாயிடம் விட்டுவிட்டுக் காட்டு வேலைக்குப் போவதாக ஒருமுறை பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள்.

சின்னப்பொண்ணு மகனை அண்டை வீட்டில் விட்டுவிட்டு, மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, ஒரு பை மல்லாட்டைக் கடலையோடு பஸ் ஏறினாள். கச்சிராப்பாளையத்தில் இறங்கி மலை பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் நின்றாள். வெள்ளிமலையில் இறங்கி, சாமை விளைந்து நிற்கிற கொல்லைகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் நடந்தாள். புருஷன் ஜெயிலில் இருக்கும்போது பெண்பிள்ளை நாய் பார்க்க மலை ஏறுகிறாளே என்று ஊர் பேசும் என்பது அவளுக்குத் தெரியும். பேசட்டும் என்று நடந்தாள்.

இருசம்மாள் வீட்டில் ஒரு தாய் நாயும் அதன் கடைசி ஈற்றில் மிஞ்சிய பெட்டைக்குட்டி ஒன்றும் இருந்தன. குட்டிக்கு ஏழு மாதம். காதை நிமிர்த்தி நின்றாலும் முழங்காலுக்கு எட்டவில்லை. உரித்த சாமை நிறம்.

“இத எடுத்துக்கினு இன்னா பண்ணப் போற அக்கா? வேட்டைக்கு ஆவாது. முயல் ஓடுனாகூட ஒக்காந்து பாத்துக்கினு இருக்கும். அதான் யாரும் தூக்கினு போவல” என்றாள் இருசம்மாள்.

சின்னப்பொண்ணு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். இருசம்மாளின் கைப்பிள்ளை தவழ்ந்து போய் வாலைப் பிடித்து இழுத்தது. குட்டி உறுமவில்லை; வாலை உருவிக்கொண்டு நாலடி தள்ளிப் போய்ப் படுத்தது. கூழ் ஊற்றியதும் சின்னப்பொண்ணு சட்டியைப் பாதியில் இழுத்தாள். தலையைத் தூக்கி அவள் முகத்தைப் பார்த்தது, அவ்வளவுதான். அதன் பின்னால் ஒரு அலுமினியச் சொம்பைத் தடாலென்று போட்டாள். துள்ளி ஓடியது. ஆனால் கொஞ்ச நேரத்தில் தானே திரும்பி வந்து சொம்பை மோந்து பார்த்தது. பயந்தாலும் பயத்தைத் தூக்கிக்கொண்டே திரிகிற சாதி இல்லை என்று மனதில் குறித்துக்கொண்டாள்.

மீதி இருந்தது மகள்தான். தேன்மொழி அம்மாவை விட்டு இறங்கவே இல்லை, கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் பயப்படுகிறாள் என்பது அந்தக் குட்டிக்கு எப்படித்தான் தெரிந்ததோ. குதித்துக்கொண்டு வரவில்லை, காலை நக்க வரவில்லை. பத்தடி தள்ளி, முகத்தை முன்காலில் வைத்துக்கொண்டு, வேறு எங்கோ பார்ப்பது போல் படுத்திருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் தேன்மொழியின் பிடி தளர்ந்தது. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள்.

“அது எங்கிட்ட வராதாம்மா?” என்று கேட்டாள்.

“நீ கூப்புடாம வராது” என்றாள் சின்னப்பொண்ணு. அப்போதே முடிவாகிவிட்டது.

கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்ததும் அரங்கநாதன் எட்டிப் பார்த்துச் சிரித்தான். ஊரே கொதிச்சிக்கினு கெடக்குது, அண்ணி மலைக்குப் போயி எலிக்குட்டி புடிச்சினு வந்திருக்காங்க என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டான். சின்னப்பொண்ணு மறுநாளே சின்னசேலம் மாட்டாஸ்பத்திரிக்கு எடுத்துப் போய் வெறிநோய் ஊசி போட்டாள். பிள்ளைகளுக்குச் சட்டம் போட்டாள்: சாப்பிடும்போது தொடக் கூடாது, தூங்கும்போது எழுப்பக் கூடாது, தூக்கவே கூடாது. நாய்க்கும் ஒரு சட்டம் உண்டு: வீட்டுக்குள்ளே கூடத்தைத் தாண்டி வரக் கூடாது. நாய் உடனே கற்றுக்கொண்டது. இளஞ்செழியனுக்குத்தான் நாள் பிடித்தது.

தேன்மொழியை யாரும் வற்புறுத்தவில்லை. நாலு நாள் ஜன்னலில் இருந்தே பார்த்தாள். ஆறாம் நாள் ஒரு இட்லித் துண்டைத் தூக்கிப் போட்டாள். ஒன்பதாம் நாள் அவளே “சாமை” என்று பெயர் வைத்துக் கூப்பிட்டாள். அடுத்த திங்கட்கிழமை காலையில் சாமையின் கழுத்துக் கயிற்றை ஒரு கையிலும் சிலேட்டை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு ரைஸ்மில் தெருவில் நடந்தாள். சங்கிலியில் இருந்த நாய் குரைத்தது. சின்னப்பொண்ணு பத்தடி பின்னால் நடந்து வந்தாள். ஓடிப்போய்த் தூக்கிவிடக் கூடாது என்று முந்தானையை முறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தேன்மொழி நின்றாள், சாமையைப் பார்த்தாள். சாமை சும்மா நின்றது. இரண்டும் மேலே நடந்தன. சின்னப்பொண்ணுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஜெயிலுக்கு எழுதிப்போட வேண்டும் என்று நினைத்தாள். பிறகு வேண்டாம், வந்து கண்ணால் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஐப்பசி பிறந்து நாலாம் நாள் ராஜாங்கமும் கூட இருந்தவர்களும் விடுதலையாகி வந்தார்கள். ஊர் எல்லையில் இருந்து மேளமும் மாலையுமாக அழைத்து வந்தார்கள். கோஷம் தெருவை அதிர வைத்தது. ராஜாங்கம் வீட்டு வாசலில் ஆயிரம் வாலா சரத்தைப் பிரித்துப் போட்டுத் தீக்குச்சியை உரசினான் அரங்கநாதன். சாமை நடுங்கிக்கொண்டு வாசல் சுவரோரம் ஒண்டியது.

கூட்டத்துக்குள்ளிருந்து தேன்மொழி ஓடி வந்து நாய்க்கும் சரத்துக்கும் நடுவே நின்றாள். இரண்டு கையையும் விரித்துக்கொண்டாள்.

“வெடி வெக்காதீங்க சித்தப்பா. எங்க நாயி பயப்படுது.”

அத்தனை ஆண்களுக்கு முன்னால் அந்தக் குரல் கணீரென்று கேட்டது. வீட்டு வாசலையே தாண்டாமல் கிடந்த பிள்ளை என்று ஊருக்கே தெரியும். குச்சி அரங்கநாதனின் விரலைச் சுட்டது. உதறிப் போட்டான். ராஜாங்கம் மகளையும் பார்த்தான், அவள் காலுக்குப் பின்னால் இருந்த நாயையும் பார்த்தான். மேளக்காரரைப் பார்த்துக் கையமர்த்தினான். கழுத்து மாலையோடு அப்படியே மண்ணில் குந்தினான்.

“யாரு கொண்டாந்தது இத?” என்றான்.

“அம்மாதான். நானும் போனன். நீங்க தொடாதீங்கப்பா, மொதல்ல அது மோந்து பாக்கட்டும்” என்றாள் மகள்.

போலீஸ் வேனில் கைதட்டிக்கொண்டு ஏறின மனுஷன், மகள் சொன்னபடி கையை நீட்டிக்கொண்டு அசையாமல் காத்திருந்தான். சாமை வந்து மோந்தது. அவன் நிமிர்ந்து கூட்டத்துக்குள் மனைவியைத் தேடினான். எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான்:

“நான் வேணாம்னு சொன்னன். அவ பாத்துப் பொறுக்கினு வந்திருக்கா. அவ கண்ணு கண்ணுதான்யா.”

கட்டிக்கொண்ட நாளிலிருந்து நாலு பேர் நடுவில் அவன் அவளைப் பற்றி வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. சின்னப்பொண்ணு தலை குனியவில்லை. அப்படி ஒன்றும் பெரிய விஷயம் இல்லை என்று சொல்லவும் இல்லை. பெரிய விஷயம்தான் என்று அவளுக்குத் தெரியும். ஆரத்தித் தட்டை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

கார்த்திகையில் எலவனாசூர்கோட்டையிலிருந்து ஒரு பெண் மூன்று வயதுப் பையனோடு தேடி வந்தாள். எந்தச் சாதி நாய் வாங்கினால் நல்லது என்று கேட்டாள். சின்னப்பொண்ணு அவளை உட்கார வைத்து மோர் கொடுத்தாள். பையனைக் கூப்பிட்டுப் பேச்சுக் கொடுத்து, அவன் எப்படி ஓடுகிறான், எதற்குக் கத்துகிறான், கையில் கிடைத்ததை என்ன செய்கிறான் என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நாய அப்புறம் பாக்கலாம். மொதல்ல உம்புள்ள எப்படின்னு நான் பாத்துக்கறன்” என்றாள்.