காதில் சொன்ன எண்

நோயாளியாக நடிப்பதற்கு இலோய்லோ நகரத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இது நானே அடித்துக்கொள்ளும் தம்பட்டம் இல்லை, எங்கள் பிசியோதெரபி கல்லூரியே சொன்னது. செய்முறைத் தேர்வில் ஒருத்தி சோதிப்பாள், இன்னொருத்தி நோயாளியாகப் படுத்திருப்பாள். தேர்வாளர் வந்து, படுத்திருப்பவளின் காதில் மட்டும் ஓர் எண்ணைச் சொல்வார். 'இடது தோள், மூன்று.' அவ்வளவுதான். ஐந்து என்றால் முழு பலம். மூன்று என்றால் கையைத் தூக்கலாம், ஆனால் யாராவது ஒரு விரலால் அழுத்தினாலே கீழே போய்விடும். ஒன்று என்றால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. தசைமேல் விரல் வைத்தால் உள்ளே ஒரு துடிப்பு மட்டும் தட்டுப்படும். பூஜ்யத்தில் அதுவும் இல்லை. காதில் விழுந்த எண்ணை நாங்கள் நடிக்க வேண்டும், சோதிப்பவள் அதைத் தன் கையாலேயே கண்டுபிடிக்க வேண்டும்.

படுக்கையில் ஏறிவிட்டால் நோயாளி பேசுகிற பேச்செல்லாம் நடிப்புக் கணக்கில்தான் சேரும். போன பருவத்தில் நான் பக்கவாதக்காரியாக வாயைக் கோணிக்கொண்டு கிடந்தபோது, அந்தப் பக்கம் வந்த நூலகர் பதறிப்போய் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டார். வகுப்பு ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. கிரிசெல்டா என்ற என் பெயர் போய் 'ஸ்டார்' என்றாகிவிட்டது. நானும் மூக்கைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன்.

தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு என் பாதங்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. எறும்பு ஊர்வது போலத் தொடங்கி, கணுக்கால் வரை ஏறியது. லுஸ்வியிடம் சொன்னேன். லுஸ்வி என் அறைத்தோழி, தேர்வில் என்னைச் சோதிக்கப் போகிறவளும் அவள்தான்.

"கால் கழுவினியா?" என்றாள்.

"கழுவினேன்."

"காலையிலேர்ந்து நின்னுக்கிட்டே மசாஜ் பண்ணிட்டு, சூட்டோட சூடா பச்சத் தண்ணில கழுவினியா? உனக்கு மண்டையில என்னதான் இருக்கு? பாஸ்மா பிடிச்சிருக்கு."

உழைத்துச் சூடேறிய கையையும் காலையும் தண்ணீரில் நனைத்தால் நரம்பில் பாஸ்மா பிடிக்கும், நடுங்கும், மரத்துப்போகும் என்பது எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். நரம்பு மண்டலத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு, மசாஜ் முடிந்ததும் கை கழுவாமல் பவுடரோடு பஸ் ஏறுகிற கூட்டம் நாங்கள். அதனால் எனக்கும் சந்தேகம் வரவில்லை. லுஸ்வி இஞ்சி தட்டிப்போட்டு எண்ணெய் காய்ச்சினாள், என் பாதத்தை மடியில் வைத்துத் தேய்த்தாள். அவள் அழுத்துவது தெரிந்தது, ஆனால் தடித்த காலுறைக்கு மேலே அழுத்துவது போலத் தெரிந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. இதற்கு முன்பு எனக்கு மூளையில் கட்டி வந்திருந்தது, அதற்கு முன்பு தசைச் சிதைவு. வகுப்பில் எந்தப் பாடம் நடக்கிறதோ அந்த நோய் எனக்கு வந்துவிடும். லுஸ்வி கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்தாள்.

தேர்வு அன்று காலையில் மாடிப்படி ஏறும்போது கைப்பிடியை இழுத்துத்தான் என்னை மேலே கொண்டுபோக முடிந்தது. முதுகு வேறு விண்ணென்று வலித்தது.

"லுஸ்வி, கால் நெஜமாவே வர மாட்டேங்குதுடி."

"எனக்கு மட்டும் வருதாக்கும். எல்லாம் பயம். இன்னிக்கு ஒரு நாள் உன் வேலையெல்லாம் காட்டாத, உனக்குப் புண்ணியமாப் போகும்."

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. இதே தேர்வில் ஏற்கெனவே தோற்றவள் அவள். இன்னொரு முறை தோற்றால் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். நான் கைப்பிடியை இழுத்து அடுத்த படியில் ஏறினேன்.

தேர்வாளர் மேம் கரிங்காலாவ். எங்கள் ஊர்ப் பேச்சே ஒரு இழுவையாக இருக்கும், திட்டினாலும் கொஞ்சுவது மாதிரி கேட்கும். பெண் பிள்ளைகளை 'இண்டாய்' என்று செல்லமாகத்தான் கூப்பிடுவோம். மேம் குரல் எவ்வளவு இனிக்கிறதோ அவ்வளவு மதிப்பெண் போச்சு என்று அர்த்தம்.

முதலில் மசாஜ். படுக்கையில் இருக்கும் துளைக்குள் முகத்தை வைத்துக் குப்புறப் படுத்தேன். அங்கிருந்து தரையும் லுஸ்வியின் வெள்ளை ஷூவும்தான் தெரியும். அவள் கையில் பவுடரைக் கொட்டிக்கொண்டு முதுகில் நீளத் தடவினாள், பிசைந்தாள், வலித்த இடத்தில் சரியாகக் கட்டைவிரலை வைத்தாள். நல்ல கை அவளுக்கு. பிறகு கெண்டைக்காலுக்குப் போனாள் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் சொல்ல முடியும், ஏனென்றால் அவள் ஷூ என் கால் பக்கம் நகர்ந்ததைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது.

"இதயத்தைப் பார்த்து அழுத்தணும் இண்டாய், பாதத்தைப் பார்த்து இல்ல," என்றார் மேம்.

என் காலில் யாரோ எதையோ செய்துகொண்டிருக்கிறார்கள், எனக்கு அது தெரியவில்லை. அப்போதுதான் முதல் முறையாக எனக்கு உறைத்தது. இது பாஸ்மா இல்லை. துளைக்குள் முகம் இருந்ததால் என் முகம் போன போக்கை ஒருவரும் பார்க்கவில்லை.

திரும்பிப் படுக்கச் சொன்னார்கள். மேம் குனிந்து என் காதில், "இடது தோள் நாலு, மத்ததெல்லாம் அஞ்சு," என்றார்.

தோளை ஒழுங்காகத்தான் நடித்தேன். லுஸ்வி "நாலு" என்றாள், மேம் தலையசைத்தார். அப்புறம் காலுக்கு வந்தாள். "பாதத்தை உன் முகத்தைப் பார்த்து இழு," என்றாள். இழுத்தேன். பாதம் கொஞ்சம் அசைந்து, அப்படியே நின்றது. எதிர்த்து அழுத்த அவள் இன்னும் கையை வைக்கக்கூட இல்லை.

லுஸ்வி என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்துபோயிருக்க வேண்டும். பவுடர் எடுப்பது போலக் குனிந்து, "இங்கயும் ஆரம்பிச்சுட்டியாடி? என் வாழ்க்கையோட விளையாடாத," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

நான் தலையைத் திருப்பி, "மேம், எனக்கு நெஜமாவே கால் வேலை செய்யல," என்றேன்.

சுவரோரம் முறைக்காகக் காத்திருந்தவர்கள் குபீரென்று சிரித்தார்கள். "ஸ்டாருக்கு ஒரு விருது குடுங்கப்பா," என்றான் ஒருவன்.

"ரொம்ப அழகாப் பண்ற இண்டாய்," என்றார் மேம், தேனாக. "ஆனா நான் சொன்னதை மட்டும் பண்ணு. பாவம், அவளைக் குழப்பாத."

இனி யாரிடம் சொல்வது? அழுதால் அதற்கும் கை தட்டுவார்கள். என் உடம்புக்குள் என்னவோ கீழேயிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது, அது எது வரைக்கும் ஏறும் என்று நாங்கள் பாடத்தில் படித்திருந்தோம். கால், இடுப்பு, கை, கடைசியில் மூச்சு. படித்த படிப்பு அன்றைக்கு எனக்கு எதிரியாக வந்து நின்றது. இல்லை, இது அதுவாக இருக்காது என்று நினைத்தேன். ஐந்து காட்டிவிட்டால் எனக்கு ஒன்றும் இல்லை என்று ஆகிவிடும். லுஸ்வியும் தேறிவிடுவாள்.

"மறுபடி பண்றேன்," என்றேன்.

படுக்கையின் இரண்டு ஓரத்தையும் இறுக்கிப் பிடித்தேன். மூச்சை அடக்கினேன். பாதம் வராததால் இடுப்பை மேலே இழுத்தேன், இடுப்போடு கால் வரட்டும் என்று. தொடையை முறுக்கினேன், கழுத்தைத் தூக்கினேன். நெற்றி வேர்த்து வழிந்தது. முட்டியை நீட்டச் சொன்னபோதும் உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்துத் திருட்டுத்தனமாக நீட்டப் பார்த்தேன்.

லுஸ்வியின் ஒரு கை என் இடுப்பெலும்பின் மேல் இருந்தது. இடுப்பு அசையக் கூடாது என்று பிடித்துக்கொள்ளும் கை. அந்தக் கை அப்படியே நின்றுவிட்டது. அவள் என் முகத்தைப் பார்த்தாள், படுக்கை ஓரத்தில் வெளுத்துப்போயிருந்த என் விரல்களைப் பார்த்தாள். அவள் கோபம் முகத்திலிருந்து வடிந்துபோனதை நான் பார்த்தேன்.

"கணுக்கால் ரெண்டு பக்கமும் ரெண்டு, மேம். முட்டி மூணு," என்றாள்.

சிரிப்பு அடங்கவில்லை. மேம் பேனாவை மூடினார். "நான் அவ காதுல சொன்னது அது இல்லையே இண்டாய். நல்லா யோசிச்சுச் சொல்லு. உனக்கு இது கடைசி வாய்ப்புன்னு தெரியும்ல?"

"நீங்க சொன்னது எனக்குத் தெரியாது மேம். என் கை சொல்றது இதுதான்." லுஸ்வி என் இடுப்பிலிருந்து கையை எடுக்கவில்லை. "இவ நடிக்கல. நடிக்கறவ பலத்தை ஒளிப்பா. இவ பலவீனத்தை ஒளிக்கறா. இங்க கை வெச்சுப் பாருங்க, இடுப்பால திருடறா."

மேம் கை வைக்கவில்லை. நேராக மேசைக்குப் போய்ச் சிறிய ரப்பர் சுத்தியலை எடுத்துவந்தார். முட்டிக்குக் கீழே தட்டினால் கால் தானாக உதறும், அதை எந்த நடிகையாலும் நிறுத்த முடியாது. தட்டினார். கால் சும்மா கிடந்தது. இன்னும் கொஞ்சம் மேலே தட்டினார். அடுத்த காலைத் தட்டினார். அறையில் சுத்தியல் சத்தம் மட்டும்தான் கேட்டது.

"எப்பலேர்ந்து?" என்றார் மேம். குரலில் தேன் இல்லை. பத்து வருடத்தில் அவரிடம் படித்த யாருமே அந்தக் குரலைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

"முந்தாநாள்லேர்ந்து."

"அதுக்கு முன்னாடி வயித்துப்போக்கு இருந்துச்சா?"

"ரெண்டு வாரம் முன்னாடி. கோழி சாப்பிட்டது ஒத்துக்கல."

அந்த நோய்க்கு முன்னால் வயிற்றுப்போக்கு வரும் என்றும் பாடத்தில் இருந்தது. மேம் கண்ணை மூடித் திறந்தார். "அருள் நிறைந்த மரியே ஜெபத்தை ஒரே மூச்சுல சொல்லு. நடுவுல மூச்சு வாங்கக் கூடாது."

சிறு வயதிலிருந்து ஒரே மூச்சில் ஒப்பித்த ஜெபம். சொன்னேன். முதல் பாதி போயிற்று. 'பாவிகளாயிருக்கிற எங்களுக்காக' என்பதும் வந்தது. 'இப்பொழுதும் எங்கள்' என்ற இடத்தில் மூச்சு தீர்ந்தது. அடுத்து வரவேண்டியது 'மரண நேரத்திலும்' என்று அறையில் எல்லாருக்கும் தெரியும். சுவரோரம் நின்ற ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்காமல் மேம் தன் காரிலேயே என்னை ஏற்றினார். விருது கொடுக்கச் சொன்னவன்தான் என்னைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினான், வழியெல்லாம் "மன்னிச்சுக்க ஸ்டார், மன்னிச்சுக்க" என்று முனகிக்கொண்டே. பின்சீட்டில் என் தலை லுஸ்வியின் மடியில். மேம் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

"மறுபடி சொல்லச் சொல்லு," என்றார் முன்னாலிருந்து.

சொன்னேன். இந்த முறை 'பாவிகளாயிருக்கிற' வரைக்கும்கூட வரவில்லை. லுஸ்வி மேமிடம் அதைச் சொல்லவில்லை. என் மேல் குனிந்தாள், கன்னத்தில் பவுடர் திட்டுத்திட்டாக இருந்தது.

"நடிச்சேன்னு சொல்லுடி," என்றாள். "சும்மா விளையாட்டுக்குத்தான்னு சொல்லு. நான் ஃபெயிலாயிட்டுப் போறேன், பரவால்ல. உன்னை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். நடிச்சேன்னு மட்டும் சொல்லு."

சொல்ல எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று யாருக்குத் தெரியும்? எழுந்து உட்கார்ந்து, ஏமாந்தியா என்று கேட்க வேண்டும் போல இருந்தது. கையை உயர்த்தி அவள் கன்னத்துப் பவுடரைத் துடைக்கப் போனேன். கை பாதி தூரம் போய்த் திரும்பிவிட்டது.

அன்று மாலையே தொண்டைக்குள் குழாய் போட்டார்கள். மூச்சை மெஷின் விட்டது. எனக்கென்று மிச்சமிருந்தது கண் மட்டும்தான். எல்லாம் கேட்டது, எல்லாம் புரிந்தது. அம்மா ஜெபமாலை உருட்டும் சத்தம் கேட்டது, டாக்டர்கள் என் தலைக்கு மேலே என்னைப் பற்றிப் பேசுவது கேட்டது. பிழைத்துவிடுவாள் என்று அவர்கள் சொன்னபோது நான் நம்பவில்லை. என் உடம்பு ஒரு மூட்டை மாதிரி என் பக்கத்தில் கிடந்தது, இப்படியே விழித்துக்கொண்டே கிடந்து செத்துப்போவேன் என்றுதான் நினைத்தேன்.

லுஸ்வி தினமும் சாயங்காலம் வந்தாள். "மேம் எனக்குப் பாஸ் போட்டுட்டாங்க," என்றாள் முதல் நாள். "உன் நடிப்புக்குத்தான் மார்க் இல்ல." பிறகு போர்வையை விலக்கி என் முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்துத் தசைமேல் இரண்டு விரலை வைப்பாள். "இழு," என்பாள். நான் என் உயிரையெல்லாம் கூட்டி இழுப்பேன். அவள் முகத்தைத்தான் பார்ப்பேன், அதில் ஒன்றும் இருக்காது. அடுத்த கால். அதிலும் ஒன்றும் இருக்காது. எண்ணை மட்டும் அவள் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. போர்வையை இழுத்துவிட்டு, கெண்டைக்காலைத் தடவிக்கொடுத்துவிட்டு, இதயத்தைப் பார்த்து, சரியாக, பஸ்ஸுக்கு ஓடுவாள்.

எத்தனை சாயங்காலம் அப்படிப் போனதென்று எனக்குத் தெரியாது. ஒரு நாள், "இழு," என்றவள் விரலை எடுக்காமல் நின்றாள்.

"மறுபடி."

இழுத்தேன். அம்மா எட்டிப்பார்த்தார். "ஒண்ணும் அசையலையே," என்றார். நர்ஸும் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

லுஸ்வி விரலை அங்கேயே வைத்துக்கொண்டு, "இன்னொரு தடவ. எனக்காக," என்றாள். நான் இழுத்தேன். எங்கே இழுக்கிறேன் என்றுகூட எனக்குத் தெரியவில்லை, அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு இழுத்தேன்.

அவள் என் பக்கம் வந்து குனிந்தாள். கண்ணீர் என் கழுத்தில் விழுந்தது, அது சூடாக இருந்தது. யாருக்கும் கேட்காதபடி என் காதில் சொன்னாள்.

"ஒண்ணு."