கோட்டையின் படிக்கட்டு

"மிஸ் லுப்னா, படிக்கட்டு சின்னதாயிடுச்சு. இது நம்ம கோட்டையே இல்ல. சரி பண்ணு."

சுஹைபின் குரல் செய்தியைக் கேட்டு முடித்ததும் லுப்னா கைப்பேசியைச் சோபாவில் எறிந்தாள். காலையிலிருந்து இதே புலம்பல்.

இர்பித் நகரின் பல்கலைக்கழகத் தெருவில் ஒரு காலத்தில் கடைக்குக் கடை கணினிதான். அவற்றில் ஒன்று லுப்னாவின் அண்ணன் நாயிஃபுடையது. கல்லூரி விட்டு வந்து கல்லாவில் உட்காருவாள். கூட்டம் குறைந்தால் தானும் ஒரு நாற்காலியைப் பிடித்து 'கோட்டை' ஆடுவாள். பாழடைந்த ஒரு கோட்டை, இரண்டு அணி, ஆளுக்கொரு துப்பாக்கி. அவ்வளவுதான் கேம். அதற்காகப் பரீட்சையைக் கோட்டைவிட்டவர்கள் அந்தத் தெருவில் ஏராளம்.

பிறகு அதைச் செய்த நிறுவனம் மூடிக்கொண்டது. புதிய கணினிகளில் அது ஓடவில்லை. நாயிஃபின் கடையும் பலகாரக் கடையானது. லுப்னா பெண்கள் பள்ளியில் கணினி ஆசிரியை ஆனாள். அவளும், அந்தக் கடையிலேயே பழகிய மருந்துக்கடை முஅத்தஸிமும் சேர்ந்து, ஒரு வருட வெள்ளிக்கிழமைகளைத் தின்று அந்தக் கேமுக்கு உயிர் கொடுத்தார்கள். எங்கெங்கோ இருந்த ரசிகர்கள் எழுதிப் போட்டிருந்த நிரல்களைக் கோத்து, சர்வர் ஒன்றை நிறுத்தி, பழைய ஆட்களையெல்லாம் குரூப்பில் சேர்த்தார்கள்.

முதல் ஆட்டத்துக்கு எல்லோரும் வந்தார்கள். தொப்பையோடும் மூக்குக்கண்ணாடியோடும் வந்து, வந்த வேகத்தில் செத்தார்கள். நன்றி என்று ஒருவரும் சொல்லவில்லை.

"அப்போல்லாம் படிக்கட்டு நீளமா இருக்கும். ஏறி முடிக்கறதுக்குள்ள உயிர் போயிடும்" என்றான் டயர்க்கடை சுஹைப். துபாயிலிருந்து ஒருவன் ஆமோதித்தான். இன்னும் நான்கு பேர் ஆமோதித்தார்கள்.

"ஒரு கல்லைக்கூட நாங்க நகர்த்தல" என்று எழுதினான் முஅத்தஸிம். "அசல் எப்படியோ அப்படியே."

"என் மூணு பொண்ணுங்க மேல சத்தியம், இது அசல் இல்ல!"

லுப்னா மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு டயர்க்கடைக்கே போனாள். பழைய குறுந்தகட்டில் இருந்த கோட்டையையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். இரண்டும் அச்சு அசல் ஒன்று. சுஹைப் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தான். முகம் கொஞ்சமும் மாறவில்லை.

"அப்போ தகடே தப்பு. இது திருட்டுத் தகடு."

"நாம வாங்கினது எல்லாமே திருட்டுத் தகடுதானே, சுஹைப்!"

"இது தப்பான திருட்டு" என்று சொல்லிவிட்டு அவளுக்கு மரமியா இலை போட்ட தேநீரை நீட்டினான்.

தேநீரைக் குடிக்காமலேயே கிளம்பினாள். வீட்டுக்கு வந்ததும் கோபத்தில் படிக்கட்டில் இன்னும் சில படிகளைச் செருகினாள். 'சரி பண்ணியாச்சு' என்று மட்டும் குரூப்பில் போட்டாள்.

அடுத்த வெள்ளி, ஜும்ஆ தொழுகை முடிந்து கூடினார்கள். "அல்லாஹ்! இதுதான்! இதேதான்!" என்று கத்தினான் சுஹைப். "இவ்வளவு நாள் எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?" துபாய்க்காரன் கண்ணீர் பொம்மைகளாக அனுப்பிக்கொண்டிருந்தான்.

முஅத்தஸிமுக்கு மட்டும் பொறி தட்டியது. கேமின் கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு லுப்னாவை அழைத்தான்.

"பொய்யைக் கட்டிக் குடுத்திருக்க லுப்னா. அசல்னு சொல்லித்தானே ஆளைக் கூப்பிட்டோம்?"

"நீ வேணா போய் அந்த மனுஷன்கிட்ட பேசிப் பாரு. என்னால முடியல."

"அதுக்காக? கேட்டதையெல்லாம் செஞ்சு குடுக்க நாம என்ன தையல்காரங்களா?"

அவன் சொன்னது சரி என்று அவளுக்குத் தெரிந்தது. அதனாலேயே எரிச்சல் இரட்டித்தது. இருவரும் இரண்டு வாரம் பேசிக்கொள்ளவில்லை.

ஒரு மதியச் சாப்பாட்டின்போது அவள் நாயிஃபிடம் இதைச் சொல்லித் தீர்த்தாள். அவன் வயிறு குலுங்கச் சிரித்தான்.

"நம்ம கடை மெஷின் என்ன லட்சணம்னு மறந்துட்டியா? படிக்கட்டுல நாலு பேர் சேர்ந்தா போதும், அப்படியே திணறும். ஒவ்வொரு படிக்கும் நின்னு நின்னுதானே ஏறும்? அந்த நேரத்துல ஒருத்தன் கக்கூஸே போயிட்டு வருவான்!"

லுப்னா சோற்றுக் கையோடு முஅத்தஸிமை அழைத்தாள். நாயிஃப் சொன்னதை அப்படியே ஒப்பித்தாள்.

"அப்போ சுஹைபுக்கு ஞாபகம் இருந்தது உண்மைதானா?" என்றான் அவன். உற்சாகம் தொற்றிக்கொண்டது. படிக்கட்டைப் பழையபடி குறுக்கி, அங்கே ஆள் சேர்ந்தால் ஆட்டம் திணறும்படி அவனே எழுதினான். உண்மையும் கெடவில்லை, நினைப்பும் கெடவில்லை. அந்த வெள்ளிக்கிழமைக்காக இருவரும் குழந்தைகள்போலக் காத்திருந்தார்கள்.

ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்தில் சுஹைபின் குரல் வெடித்தது.

"யார் இப்படிப் பண்ணினது? ஏன் மாட்டு வண்டி மாதிரி நிக்குது? இருபது வருஷத்துக்கு முன்னாடி எவ்வளவு வழுக்கிட்டு ஓடும்!"

ஆமாம், ஆமாம் என்று எல்லோரும் எழுதினார்கள்.

லுப்னா நெற்றியை மேசையில் வைத்துக்கொண்டாள். சற்று நேரத்தில் ஆட்டம் தானாகச் சீரானது; நீண்ட படிகள் திரும்பி வந்திருந்தன. அவளல்ல, முஅத்தஸிமே மாற்றியிருந்தான்.

அதன் பிறகு அவன் மேல்படியில் ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். மூச்சு வாங்க ஏறி வந்த சுஹைபை மட்டும் சுட்டான். அவன் மறுபடி பிறந்து ஏறி வந்தான். இவன் மறுபடி சுட்டான். பக்கத்தில் வந்த மற்றவர்களைத் தொடக்கூட இல்லை. மாலை அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை இது நடந்தது.

"லுப்னா, அந்த மருந்துக்கடைக்காரன்கிட்ட சொல்லு! இது ஆட்டமா?" என்று செய்தி வந்தது.

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தாள். தன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு அடுத்த தூணுக்குப் பின்னால் போய் நின்றாள்.